நாற்பது நிமிடம் நான் தடவிக்கொண்டிருக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை மும்பை அந்தேரி ஸ்டுடியோவில் நடந்த படப்பிடிப்பில் மேக்கப் கலைஞர் நான்தான். அங்கே நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. என்னைக் குறை சொல்லும் ஒரு குரல் பதிவு குழுவுக்குக் குழு கைமாறி, மாட்டுங்காவில் இருக்கும் என் சித்தி வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. "மேக்கப் போடச் சொன்னால் நாற்பது நிமிடம் முகத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

நான் வேலை செய்துகொண்டிருந்தேன். தோலைத் தயார் செய்வது மேக்கப்புக்கு முன்னால் வரும் சடங்கு அல்ல, மேக்கப்பின் முதல் பாதியே அதுதான்.

அன்று அந்த மாடல் பெண் விராரிலிருந்து லோக்கல் ரயிலில் நின்றபடியே வந்திருந்தார். முகத்தில் வியர்வையும் தூசியும், அவற்றுக்கு அடியில் காலையில் வீட்டில் பூசிய சன்ஸ்கிரீனும் இருந்தன. மூக்கின் இரண்டு ஓரங்களிலும் தோல் உரிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. எடுக்க வேண்டியதோ புடவைக் கேட்டலாக். பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சம் தோலின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் நிழலோடு காட்டிவிடும். உரிந்த தோலின் மேல், நிறத்தை ஒருசீராக்கும் ஃபவுண்டேஷனைப் பூசினால் அது அந்தச் செதில்களில் அப்பிக்கொள்ளும். மூன்றடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும், அதற்குள் பாதிப் படங்கள் எடுத்து முடிந்திருக்கும்.

ஆகவே முதலில் உதட்டுக்கு லிப் பாம் வைத்தேன். லிப்ஸ்டிக் போடும் நேரத்துக்குள் அது ஊறிவிடும். பிறகு கிளென்சிங் பாமால் சன்ஸ்கிரீனைக் கரைத்தெடுத்து, மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்தேன். ஈரம் முழுவதும் காய்வதற்குள் ஜெல் மாய்ஸ்சரைசரும், மூக்கோரத்துக்கு மட்டும் சற்றுக் கனமான கிரீமும் பூசிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தேன். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் "கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்" என்கிறது அந்தப் பதிவு. கிரீம் தோலில் இறங்குமுன், மேக்கப்புக்கு அடித்தளமாகப் பூசும் பிரைமரை மேலே போட்டால் இரண்டும் சேர்ந்து திரிதிரியாக உருண்டு வரும். நீர் சார்ந்த கிரீமின் மேல் சிலிக்கோன் சார்ந்த பிரைமரை அவசரப்பட்டுப் பூசினால் இன்னும் மோசம். எல்லாவற்றையும் துடைத்தெடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாற்பது நிமிடம் அப்போது எண்பதாகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் செம்பூரில் ஒரு வரவேற்பு. நேரமில்லை என்று எல்லோரும் விரட்டினார்கள். நானும் பயந்துபோய், மணப்பெண் பூசியிருந்த சன்ஸ்கிரீனை எடுக்காமல் அதன் மேலேயே வேலையைத் தொடங்கிவிட்டேன். கண்ணாடியில் அழகாகத்தான் இருந்தது. சன்ஸ்கிரீனில் உள்ள ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. படங்களில் அந்தப் பெண்ணின் முகம் சாம்பல் பூத்தது போல வெளுத்தும், கழுத்து அவருடைய இயல்பான மாநிறத்திலும் இருந்தன. அவருடைய அம்மா என்னைத் திட்டவில்லை. ஆல்பத்தைத் திறந்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து எவர் விரட்டினாலும் முகத்தைச் சுத்தம் செய்யாமல் நான் பிரஷ்ஷைத் தொட்டதில்லை.

மும்பையின் ஈரப்பதத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று கேட்கிறார்கள். ஈரப்பதம் தெருவில் இருக்கிறது. படம் எடுப்பதோ நாள் முழுவதும் ஏசி ஓடும் மூடிய கூடத்தில். அது தோலை உலர்த்திவிடும். எண்ணெய் வழியும் முகத்துக்கும் நீர்ச்சத்துக் குறையும் என்பதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம் என்பவர்களுக்கு: முகத்தில் ஓரிடத்தில் நான் செய்த தவறு அறுபது படங்களிலும் வரும். அறுபதையும் நள்ளிரவு வரை உட்கார்ந்து திருத்தப் போவது யாரோ ஒரு இளைஞர். வழவழப்பாக்கும்போது தோலின் இயல்பான நயமும் சேர்ந்து போய்விடும். நம் பாட்டிமார் மஞ்சள் மட்டும்தான் பூசினார்கள் என்கிறார் இன்னொருவர். பாட்டிமார் எட்டு மணி நேரம் ஃபிளாஷுக்கு முன்னால் நிற்கவில்லை.

மாடலே தயாராக வர வேண்டாமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஃபேஷியலை ஒரு வாரம் முன்னதாகவே முடித்துக்கொள்வது, ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சைப் பூசுபவர்கள் சில நாள் முன்பே நிறுத்திவிடுவது, முந்தைய இரவு எலுமிச்சைச் சாறு தேய்த்து முகத்தை எரியவிடாமல் இருப்பது, இவையெல்லாம் அவர்கள் கையில் உள்ளவைதான். நான் எழுதி அனுப்பத் தயார். ஆனால் முந்தைய நாள் இரவு பதினோரு மணி வரை மாடலின் தொடர்பு எண்ணைக்கூட எனக்குத் தருவதில்லையே, நான் யாருக்கு அனுப்புவது? ஒவ்வாமை வருமா என்று காதுக்குப் பின்னால் சிறிது பூசி ஒரு நாள் பார்க்கவும் வழியில்லை.

என்னை உண்மையில் வருத்தியது நேரக் கணக்கு அல்ல. அதே காலையில் விளக்குகளை அமைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வெளிச்சத்தை மென்மையாக்கும் குடையை இரண்டு முறை மாற்றினார்கள், சோதனைப் படம் எடுத்தார்கள், மறுபடி நகர்த்தினார்கள். அதை யாரும் வீண் என்று சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது வேலை. பெண் ஒருத்தி இன்னொரு பெண்ணின் முகத்தில் செய்வது மட்டும் எப்படித் தடவுதல் ஆகிறது? இதே ஊரின் திரைப்படத் துறையில் பெண்கள் தலைமுடி அலங்காரம் செய்யலாம், மேக்கப் கலைஞராகக் கூடாது என்ற தடை பல பத்தாண்டுகள் இருந்தது. மேக்கப் கலைஞர் சாரு குரானாவும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. அந்தச் செய்தியைத் தாராவி வீட்டில் அப்பா எனக்காகச் சத்தமாகப் படித்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்த அப்பாவின் கைப்பேசிக்கும் ஞாயிறு இரவு இந்தக் குரல் பதிவு போயிருக்கிறது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வரும் சனிக்கிழமை இன்னொரு படப்பிடிப்பு. மேக்கப் எட்டு மணிக்கு என்று அட்டவணையில் போட்டிருந்தார்கள். அதை ஏழு இருபது என்று திருத்தி, முதல் நாற்பது நிமிடத்துக்கு எதிரே "தோல் தயாரிப்பு" என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.