சண்டிகர் உயர் நீதிமன்றத்துக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்

ஸ்விஸ்-பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே வடிவமைத்த சண்டிகர் உயர் நீதிமன்றத்தின் படத்தை யார் போட்டாலும், "இப்படிக் கறுத்துக் கிடக்கே, பூசி ஒரு கோட் பெயின்ட் அடிக்கக் கூடாதா?" என்று கீழே ஒரு கேள்வி வந்துவிடுகிறது. கூடவே கூடாது.

1950-களில், கான்கிரீட்டின் மேல் பூச்சு எதுவும் இல்லாமல் அப்படியே விட்டு எழுப்பிய கட்டடம் அது. மேலே குடை மாதிரி ஒரு பெரிய கூரை, அதன் கீழே நீதிமன்ற அறைகளுக்குத் தனிக் கூரை, நடுவில் காற்றோட்டம். முகப்பில் கட்டம் கட்டமாகத் தெரிவதெல்லாம் வெயில் தடுப்புகள். வண்ணம் வேண்டிய இடத்தில், அதாவது வாசலின் மூன்று ராட்சதத் தூண்களில், அவரே பச்சை, மஞ்சள், சிவப்பு தீட்டிவிட்டார். உள்ளே எதிரொலியைக் குறைக்கக்கூடச் சுவரைப் பூசி மறைக்கவில்லை. கம்பளித் திரை நெய்யவைத்துத் தொங்கவிட்டார். தலைமை நீதிபதி அறையில் இருப்பது மட்டும் 144 சதுர மீட்டர்!

இப்படிப் பூச்சில்லாத கான்கிரீட்டுக்கு உண்மையான எதிரி கறுப்புக் கறை அல்ல, உள்ளே நடப்பது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல இறங்கி, கான்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்கிறது. அந்த மாற்றம் உள்ளே வலுவுக்கு வைத்த இரும்புக் கம்பியை எட்டியதும், ஈரமும் இருந்தால், துரு ஆரம்பம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் வெடித்து உதிரும். மேலே சிமென்ட் பூசினால் விரிசல் கண்ணுக்கு மறையும், துரு நிற்காது.

முறையான வேலை வேறு. சுத்தியலால் தட்டி, பொள்ளல் சத்தம் வரும் இடங்களைக் குறிக்க வேண்டும். புதிதாக உடைத்த பரப்பில் ஃபீனால்ஃப்தலீன் என்ற, காரத்தைக் காட்டும் ரசாயனத்தைத் தெளித்தால், காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் கம்பி வரை போயிருந்தால் ஆபத்து. கம்பிக்குப் பின்னாலும் சுமார் 20 மி.மீ. கொத்தி எடுத்து, துருவை முழுசாகச் சுரண்ட வேண்டும். பிறகு அந்தப் பள்ளத்தைப் புதுக் கலவையால் நிரப்ப வேண்டும்; இந்த ஒட்டின் ஓரம் செங்குத்தாக இருக்கட்டும். மெல்லிசாகத் தேய்த்து முடித்தால் அந்த ஓரம்தான் முதலில் பெயரும். பாதி கொத்தி விட்டால் இன்னொரு கேடு: ஒட்டுக்குள் கம்பி பத்திரமாகிவிடும், துரு ஒட்டைச் சுற்றியுள்ள பழைய பகுதிக்கு இடம் மாறும். பல ஒட்டுகளைச் சுற்றி வளையமாக விரிசல் விழக் காரணம் இதுதான்.

நிறப் பொருத்தத்தை ஈரக் கலவையைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. மாதிரிப் பலகைகள் வார்த்து, நன்றாகக் காய்ந்து, வெயில் மழை பட்டபின் பழைய சுவரோடு ஒப்பிட வேண்டும். கறையை எடுக்க அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சினால் மேல்தோல் சிமென்ட் போய், பரப்பு சொரசொரத்து, அடுத்த மழையில் இன்னும் சீக்கிரம் அழுக்குப் பிடிக்கும்.