கருத்துக் கேட்டால் காந்தம் வராதா?

"கடலோர மக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டே இருந்தால் சீனாவிடம் கையேந்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்" என்று கடற்கரை மணலில் அருமண் தனிமங்களைத் தோண்டுவது பற்றிய விவாதமொன்றில் ஒருவர் சொன்னதும், நம் நண்பர்கள் சிலரே அதைக் கைதட்டிப் பகிர்ந்ததும் மூன்று நாள்களாக மனத்தை அறுத்துக்கொண்டிருக்கின்றன.

வலுவான காந்தங்கள் செய்ய உதவும் இந்த அருமண் தனிமங்கள் நாட்டுக்குத் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. 2025 ஏப்ரலில் சீனா ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபின் நம் வாகன ஆலைகள் காந்தத்துக்காகத் தவித்ததை நானும் பார்த்தேன். 16,300 கோடி ரூபாயில் தேசிய முக்கியக் கனிம இயக்கம் வந்ததையும், அந்த நவம்பரில் ஒன்றிய அரசு காந்த உற்பத்திக்கென 7,280 கோடிக்கு ஒப்புதல் அளித்ததையும் வரவேற்கிறேன். ஆனால் இவற்றுக்கு நடுவே, அந்தச் செப்டம்பர் 8ஆம் தேதி ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை ஒன்றில், அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் மக்கள் கருத்துக் கேட்பே தேவையில்லை என்று எழுதினார்களே, அது எந்தக் காந்தத்தைச் செய்து தரப்போகிறது?

மண் கிடைக்காமலா நாம் தட்டுப்பாட்டில் நிற்கிறோம்? கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் மணலில், அருமண் தனிமங்கள் கொண்ட, கதிரியக்கமுள்ள அணுக் கனிமமான மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்பு. அன்று தொடங்கிய தோண்டல் இது. 1950இலேயே இதற்கென அரசு நிறுவனம் வந்துவிட்டது. அப்படியிருந்தும் இங்கே பிரித்தெடுத்ததை 2012ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜப்பானுக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம். அதைக் காந்தமாக்கும் ஆலை நம்மிடம் போதிய அளவில் இல்லை. அந்த ஆலையை எந்த மீனவர் தடுத்தார்?

மதுரை மாவட்டத்து மேலூரை மறந்துவிட்டீர்களா? 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்தை ஊராரைக் கேட்காமல் ஏலம் விட்டார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலமே ரத்தானது. இது கேட்டதால் வந்த தாமதமா, கேட்காததால் வந்த தாமதமா?

"கைப்பேசி வைத்துக்கொண்டு சுரங்கத்தை எதிர்க்கலாமா?" என்பார்கள். சோறு தின்பவன் நிலத்துக்குச் சொந்தக்காரனிடம் கேட்காமலே உழலாம் போலும். "மோனசைட்டை எடுத்துவிட்டால் கடற்கரையில் கதிர்வீச்சு குறையும்" என்போரும் உண்டு. குறையலாம், நான் மறுக்கவில்லை; அதைக் கன்னியாகுமரி மாவட்டக் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் தோண்ட நினைப்பவர்கள் அந்த ஊர்களின் முன்னால் நின்று சொல்லட்டும் என்பதுதான் என் பேச்சு. அப்படிச் சொல்வதற்கான இடத்துக்குத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பெயர்.

"அது வெறும் சடங்கு, யாரோ தூண்டிவிட்டுக் கத்த வைக்கிறார்கள்" என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்துக்கான கூட்டத்துக்கு என் அப்பாவுடன் போயிருக்கிறேன். கடலுக்குப் போகாமல் ஒரு நாள் வருமானத்தை விட்டுவிட்டு, என் பள்ளி நோட்டில் கிழித்த தாளில் முந்தைய இரவே எழுதி, அதை நான்காய் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். காலை முதல் காத்திருந்து, மதியத்துக்குப் பிறகுதான் ஒலிவாங்கி கைக்கு வந்தது. கை நடுங்கியதில் தாளைப் பார்க்கவே முடியாமல், கரையில் மணல் குறைந்தால் ஆடி மாத அலை வீட்டு வாசலுக்கு வரும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவரை யாரும் தூண்டிவிடவில்லை. சொல்லப்போனால், போக வேண்டாம் என்றுதான் அம்மா தடுத்தார்.

கூட்டத்தின் முடிவில் அங்கே பேசியவற்றின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வாசித்துக்காட்ட வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. வாசித்தார்கள். அதில் அப்பா சொன்னது ஒரு வரியாக இருந்தது. அதனால் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை, உண்மைதான். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் அவர் முதலில் சொன்னது, "நான் சொன்னத எழுதியிருக்காவ" என்பதுதான்.

குறிப்பாணைச் செய்தியை அவருக்கு வாசித்துக்காட்டியபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப இனி எங்க போய்ச் சொல்லணும்?" என்றார். கைதட்டியவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் இருவர் இருக்கிறார்கள். அவருடைய வீடு அவர்களுக்குத் தெரியும். நேரில் போய்ப் பதில் சொல்லட்டும்.