தைலமரமும் சீமைக்கருவேலமும் ஒன்றல்ல

“தைலமரம் சீமைக்கருவேலம் மாதிரியே விதை போட்டுப் பரவும், வெட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது” என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு.

சீமைக்கருவேல நெற்றை ஆடுமாடு தின்று, சாணத்தோடு விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோகும். மண்ணில் பல வருடம் உறங்கிக் கிடந்து முளைக்கும். தைலமர விதை கடுகைவிடச் சிறியது, கூடவே சேமித்த உணவும் கிடையாது. பெரும்பாலும் தாய்மரத்தைச் சுற்றியே விழும், மண்ணில் ஒரு வருடம் தாக்குப்பிடிப்பதே அரிது. புல்லும் சருகும் மூடிய நிலத்தில் வேர் ஊன்றாது. வெறும் மண்ணும் ஈரமும் சேர்ந்தால்தான் பிடிக்கும்.

அதற்காக ஆபத்தே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் ஆற்றங்கரை நெடுகப் பரவியிருப்பதும் ஒரு தைலமர வகைதான். வெள்ளம் வண்டலை விரித்துப் போடும் இடத்திலும், தீ எரிந்த சாம்பலிலும் கன்றுகள் கொத்தாக முளைக்கும். ஓடைக்கரையில் நடாதீர்கள்.

வெட்டினால் சாகாது. பட்டைக்கடியில் உறங்கும் மொட்டுகள் சில வாரத்தில் துளிர்க்கும். காகித ஆலைக்கு வளர்ப்பவர்களின் அடுத்த மகசூலே அந்தத் துளிர்தான். ஒழிக்க வேண்டுமானால் தரையோடு அறுத்து, கட்டையின் பட்டையை மண்ணுக்குக் கீழ்வரை உரித்தெடுங்கள். பிறகும் வரும் துளிரைச் சுண்டுவிரல் கனம் ஆகுமுன் அடியோடு பிய்க்க வேண்டும். அரிவாளால் நறுக்கினால் ஒன்றுக்கு நாலாகும். களைக்கொல்லி பூசுவதானால் அறுத்த சில நிமிடத்துக்குள், பட்டையை ஒட்டிய ஈர வளையத்தில் பூசுங்கள். நடுவில் வைரம் பாய்ந்த கட்டையில் ஊற்றுவது வீண்.