‘பயப்படாதே’ 365 தடவையா?

“வேதாகமத்தில் ‘பயப்படாதே’ 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று” என்ற செய்தி தஞ்சாவூர், நாகை பக்கத்து ஜெப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. கேட்க இனிமைதான். ஆனால் கணக்கு தப்பு. (லீப் வருடத்துக்கு என்ன செய்வார்களோ!)

ஆதியாகமம் 15:1இல் ஆபிராமுக்குச் சொன்னதில் தொடங்கி ‘பயப்படாதே’, ‘பயப்படாதிருங்கள்’, ‘அஞ்சாதே’ என்று எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் பாதிகூடத் தேறாது. எந்தச் சொல் எந்தெந்த வசனங்களில் வருகிறது என்று காட்டும் ஒத்தவாக்கிய அகராதியிலோ கைபேசி வேதாகமத்திலோ தேடினால் தெரிந்துவிடும். 1715இலேயே தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சான மண் இது. புரட்டிப் பார்க்கச் சோம்பல் எதற்கு?

சரி, தினசரி நம்பிக்கைக்கு வசனம் வேண்டுமா? புலம்பல் 3:23 இருக்கிறது: கர்த்தருடைய இரக்கங்கள் “காலைதோறும் புதியவைகள்”. எண்ணிக்கை தேவையில்லை. அந்த 365 செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.