வெள்ளை ஒயின் சம்பாதிக்கிறது, சிவப்பு ஒயின் காத்திருக்கிறது

இத்தாலிய ஒயின் என்று பேச்செடுத்தால் எல்லோரும் தஸ்கனிக்கும் பியட்மாண்டுக்கும் போய்விடுகிறார்கள். தெற்கே நேப்பிள்ஸிலிருந்து கிழக்கே மலையேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் இர்பீனியாவைப் பற்றி எழுத யாருக்கும் கை வருவதில்லை. பாரிஸில் உணவகத்தில் ஒயின் பரிமாறிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது நெடுநாள் ஆதங்கம். தப்பித்தவறி யாராவது அந்த ஊர்ப்பக்கம் பேச வந்தாலும், அத்ரிபல்டா என்ற சிற்றூரில் இருக்கும் மாஸ்ட்ரோபெரார்டினோ குடும்பத்தின் சிவப்பு ஒயினான தவுராசியை வாயாரப் புகழ்ந்துவிட்டு, அவர்களுடைய வெள்ளை ஒயின்களை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். என் கட்சி வேறு. அந்த வெள்ளை ஒயின்கள் இல்லாமல் போயிருந்தால் தவுராசி இன்றைய தவுராசியாக இருந்திருக்காது.

முதலில் சிவப்பைப் பார்ப்போம். தவுராசியை அல்யானிகோ என்ற கறுப்புத் திராட்சையிலிருந்து எடுக்கிறார்கள். இதைப்போல அவசரப்படாத திராட்சை இத்தாலியில் அதிகம் இல்லை. மற்ற இடங்களில் அறுவடை முடிந்து தொட்டிகளில் ஒயின் அடங்கிக்கொண்டிருக்கும்போது, இது இன்னும் கொடியில் தொங்கிக்கொண்டிருக்கும். அக்டோபர் கடைசி, சில ஆண்டுகளில் நவம்பர். மலைச்சரிவில் பனிமூட்டம் இறங்கிவிடும், மழை பிடித்துக்கொண்டால் ஓராண்டு உழைப்பும் அழுகிவிடும். அவ்வளவு ஆபத்தையும் தாண்டிப் பறித்துக்கொண்டு வந்தாலும் உடனே குடிக்க முடியாது. தோலிலும் விதையிலும் துவர்ப்பு நிறைய, புளிப்பும் அதற்குச் சளைத்ததல்ல. இளம் தவுராசியை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், ஈறு இறுகி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் குறைந்தது மூன்று ஆண்டுகள் வைத்திருந்த பிறகே விற்கலாம் என்றும், அதில் ஓராண்டாவது மரப்பீப்பாயில் கழிய வேண்டும் என்றும் சட்டமே இருக்கிறது. ரிசர்வா என்று பெயர் போட வேண்டுமானால் நான்கு ஆண்டுகள். சட்டம் சொல்வது மிகக் குறைந்த அளவுதான். நல்ல ஆண்டின் ஒயின் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் வாய் திறந்து பேசும்.

இப்போது இதைக் கணக்குப் பிள்ளையின் கண்ணால் பாருங்கள். கூலி கொடுத்தாகிவிட்டது, பீப்பாய் வாங்கியாகிவிட்டது, நிலவறையில் இடமும் அடைபட்டுவிட்டது. காசு மட்டும் மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வரும். அதற்குள் அடுத்தடுத்த அறுவடைகள் வந்து வரிசையில் நிற்கும். இந்தக் காத்திருப்புக்கு யார் சோறு போடுவது?

வெள்ளைதான். ஃபியானோ, கிரேக்கோ என்று அங்கே இரண்டு வெள்ளைத் திராட்சைகள். பறித்த உடனே பிழிந்து, தோலைச் சாற்றிலிருந்து பிரித்துவிடுகிறார்கள். சிவப்பு ஒயினில் தோலும் சாறும் சேர்ந்தே நொதிக்கும், நிறமும் துவர்ப்பும் அப்படித்தான் இறங்குகின்றன. வெள்ளையில் அந்தத் தோலுக்கு வேலையில்லை. எவர்சில்வர் தொட்டியில் குளிர்ச்சியாக நொதிக்கவிட்டால், இலையுதிர் காலத்தில் பறித்தது அடுத்த வசந்தத்திலேயே பாட்டிலாகிக் கடைக்குப் போய்விடும். கோடையில் நேப்பிள்ஸ் கடற்கரை மேசைகளில் மீனோடும் சிப்பியோடும் தீர்ந்துவிடும். அந்தக் காசுதான் நிலவறையில் தூங்கும் அல்யானிகோவைத் தூங்கவிடுகிறது. ஒரே குடும்பம் இரண்டு நிறத்திலும் ஒயின் செய்வதை, ‘எல்லாவற்றிலும் கை வைக்கிறார்கள்’ என்று இளக்காரமாகச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொழிலின் பணவோட்டம் தெரிந்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

காசுக்காக மட்டும் வெள்ளையை நான் தூக்கிப் பிடிக்கவில்லை. ஃபியானோவின் தரத்தை இங்கே பலரும் உணர்ந்ததே இல்லை. கடல்மட்டத்திலிருந்து 400, 500 மீட்டர் உயரத்தில், ஹேசல் கொட்டை மரங்களுக்கும் செஸ்நட் காடுகளுக்கும் நடுவே விளைவது அது. சிறிய கொத்து, தடித்த தோல், பிழிந்தால் கொஞ்சமே சாறு. கிண்ணத்தில் ஊற்றியதும் எலுமிச்சைத் தோலும் பேரிக்காயும் மணக்கும், சற்றுப் பொறுத்தால் வறுத்த கொட்டையின் வாசனை எழும், இன்னும் பொறுத்தால் மெல்லிய புகை. ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருந்து திறந்தால் தேன் வாசனை ஏறியிருக்கும், புளிப்பு மட்டும் குறைந்திருக்காது. வெள்ளை ஒயின் முதுமைக்கு ஆகாது என்று சத்தியம் செய்யும் வாடிக்கையாளர்களுக்கு நான் இதைத்தான் ஊற்றுகிறேன்.

கிரேக்கோவின் குணம் வேறு. டூஃபோ என்ற ஊரைச் சுற்றி விளைகிறது. அந்த ஊரில் ஒரு காலத்தில் கந்தகச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. கொடியைப் பூஞ்சையிலிருந்து காப்பாற்றத் தூவும் கந்தகத் தூளை அந்த மண்ணே கொடுத்தது. கிரேக்கோ கொஞ்சம் முரடு, நடு நாக்கில் கனமாக உட்காரும், கடைசியில் லேசான கசப்பு. உப்பிட்ட மீனுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் அறியேன்.

இந்த மூன்று திராட்சைகளும் இன்று இருப்பதே பெரிய விஷயம். மாஸ்ட்ரோபெரார்டினோ நிறுவனம் 1878இல் பதிவானது. அதற்கு முன்பே, 18ஆம் நூற்றாண்டிலிருந்தே, அந்தக் குடும்பம் அங்கே இந்தத் தொழிலில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நிலைமை படுமோசம். வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சி கொடிகளை அழித்திருந்தது, போர் மிச்சத்தைக் கெடுத்தது, இளைஞர்கள் அமெரிக்காவுக்கும் வட இத்தாலிக்கும் கப்பலும் ரயிலும் ஏறிக்கொண்டிருந்தார்கள். மீண்டும் தோட்டம் போடுகிறவர்களுக்கு எல்லோரும் சொன்ன புத்திமதி ஒன்றுதான்: நிறையக் காய்க்கும் ட்ரெப்பியானோவை நடு, சஞ்ஜோவேசேயை நடு. அறிவுரையில் தப்பில்லை, வயிற்றுப்பாட்டுக்கு வழி அது. அந்த நேரத்தில்தான் 1928இல் பிறந்த அந்தோனியோ மாஸ்ட்ரோபெரார்டினோ, சகோதரர்களோடு பொறுப்பை ஏற்று, கொஞ்சமாகக் காய்க்கும் உள்ளூர்க் கொடிகளையே நடுவோம் என்று பிடிவாதமாக நின்றார். ஃபியானோ அப்போது ஏறக்குறைய அழிவின் விளிம்பில் இருந்தது.

இதை நான் வீரக்கதையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் அவர் மட்டும் நினைத்திருந்தால் நடந்திருக்காது. குடும்பத்துக்குத் திராட்சை விற்ற சிறு விவசாயிகள் அந்தக் கொடிகளைப் பிடுங்காமல் வைத்திருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த லேபிளிலும் இல்லை. ஆனாலும் வாங்குகிறவர் ஒருவர் உறுதியாக இருந்ததால்தான் அவர்களால் வைத்திருக்க முடிந்தது. 1968இல் அந்தோனியோ மொந்தேமரானோ, கஸ்தெல்ஃப்ராஞ்சி, பியானோ தாஞ்சலோ என்று மூன்று இடங்களின் தவுராசியைத் தனித்தனியாகப் பாட்டிலில் அடைத்தார். ஒயின் தெரிந்தவர்கள் இன்றும் அந்த ஆண்டைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். 1980கள் வரை தவுராசி என்ற பெயரை வெளியுலகம் அறிந்ததே பெரும்பாலும் இந்த ஒரு வீட்டின் பாட்டில் வழியாகத்தான். இத்தாலியின் உச்சத் தரச் சான்றிதழ் 1993இல் தவுராசிக்கும், 2003இல் ஃபியானோவுக்கும் கிரேக்கோவுக்கும் கிடைத்தது. சான்றிதழ் கொடுக்கக் கொடி மிச்சமிருக்க வேண்டுமே, அதைத்தான் இவர்கள் செய்தார்கள்.

இடையில் 1980 நவம்பர் 23. ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழரை மணிக்கு மேல் இர்பீனியாவைக் குலுக்கிய நிலநடுக்கத்தில் கிட்டத்தட்ட 3,000 பேர் இறந்தார்கள், லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அத்ரிபல்டாவில் இவர்களுடைய ஒயின் கூடமும் பலத்த சேதமடைந்தது. பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனமாக இருந்திருந்தால் அன்றே வேறு இடம் பார்த்திருக்கும் என்பது என் எண்ணம். இவர்கள் அதே ஊரிலேயே மறுபடி எழுப்பினார்கள்.

குடும்பத் தொழில் என்றதும் ஒரே கூரை, ஒரே உலை என்று கற்பனை செய்துகொள்பவர்களுக்கு அடுத்த பகுதி கசக்கும். 1994இல் சகோதரர்கள் பிரிந்தார்கள். பெயரும் நிலவறையும் அந்தோனியோவுக்கு, தோட்டங்களில் பெரும்பகுதி தம்பி வால்டருக்கு. வால்டர் தன் பிள்ளைகளோடு தெர்ரேதோரா என்ற பெயரில் தனியாக ஒயின் செய்யத் தொடங்கினார். பாகப்பிரிவினை எப்படி மனத்தை அறுக்கும் என்பது நம் வீடுகளுக்குத் தெரியாததல்ல. பெயர் ஒருவர் கையிலும் மண் இன்னொருவர் கையிலும் என்றால் அந்த வலி இரட்டிப்பு. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இது: பிரிந்த பிறகும் இரண்டு வீடுகளுமே ஃபியானோ, கிரேக்கோ, அல்யானிகோவைத்தான் வளர்த்தன. சொத்தில் ஒத்துப்போகாதவர்கள் திராட்சையில் ஒத்துப்போனார்கள். அந்தோனியோ 2014இல் காலமானார். அவருடைய மகன் பியேரோ, ஃபோஜியா பல்கலைக்கழகத்தில் மேலாண்மைப் பேராசிரியராகவும் இருந்துகொண்டு நிறுவனத்தை நடத்துகிறார்.

பொம்பெய் கதையை நான் ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்பார்கள். கி.பி. 79இல் வெசூவியஸ் புதைத்த நகரத்தில், அழிந்த வேர்கள் மண்ணில் விட்டுச்சென்ற பொந்துகளை வைத்துப் பழைய தோட்டங்கள் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார்கள். 1990களில் அங்கே மீண்டும் கொடி நடும் பணியில் தொல்லியல் துறையோடு இந்தக் குடும்பம் இறங்கியது, 2001இல் அந்த அறுவடையிலிருந்து ஒயினும் வந்தது. நல்ல முயற்சி. செய்தித்தாள்கள் கொண்டாடியதிலும் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும், சாம்பலுக்கு அடியில் போன கொடியைத் தேடியதைவிட, கண்ணெதிரே சாகக் கிடந்த கொடியைப் பிழைக்க வைத்ததுதான் பெரிய காரியம் என்பேன்.

உணவகம் நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபியானோவைப் பனிக்கட்டி வாளியில் மூழ்கடித்து அதன் வாசனையைக் கொல்லாதீர்கள், 11, 12 டிகிரி போதும். தவுராசி வாங்குவதானால் இந்த ஆண்டு வந்ததை வாங்கி அடுத்த வாரமே திறக்காதீர்கள். பழைய ஆண்டு கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால், இளசை இரண்டு மணி நேரம் முன்பே வாயகன்ற குடுவையில் ஊற்றிக் காற்றாட வையுங்கள், கூடவே ஆட்டுக்கறி பரிமாறுங்கள், துவர்ப்பு அடங்கும். பட்டியலில் தவுராசி இருந்தால் அதற்குப் பக்கத்திலேயே அதே வீட்டின் ஃபியானோவும் இருக்கட்டும். விலையில் அது தவுராசியைவிடக் குறைவு, வாடிக்கையாளர் துணிந்து கேட்பார். என் மேசைகளில் அதைக் கேட்டவர்களில் பலர் அடுத்த முறை வரும்போதும் அதையே கேட்கிறார்கள்.