தளம் போடும் நாளில் பக்கத்தில் நின்றிருக்க வேண்டாமா?

வீடு கட்டிய யாரையும் கேளுங்கள். தளம் போடும் நாளில் வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு, எத்தனை சட்டி மணலுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் என்று எண்ணியபடி வெயிலில் நின்ற கதையைச் சொல்வார்கள். மாஸ்கோவில் புதிய தூதரகம் கட்டப் புறப்பட்ட அமெரிக்காவுக்கு அந்தப் புத்தி இல்லாமல் போயிற்று.

1979இல் வேலை தொடங்கியது. தூண்களையும் உத்தரங்களையும் சோவியத் ஆட்கள் வேறோர் இடத்தில் வார்த்துக் கொண்டுவந்து இறக்கினார்கள். வார்த்தபோது மேற்பார்வைக்கு ஓர் அமெரிக்கர்கூட இல்லை. 1985இல் வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஒட்டுக்கேட்கும் கருவிகள் கான்கிரீட்டுக்குள்ளேயே புதைந்திருந்தன. எதைப் பிடுங்குவது, எதை விடுவது? இதை ‘சோவியத் சூழ்ச்சி’ என்று இன்றும் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ வீட்டுக்காரரின் அலட்சியம்தான் தெரிகிறது.

முதல்முறை ஏமாந்திருந்தால் பரிதாபப்படலாம். 1945இல் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு ஒரு பரிசு தந்தார்கள்: அமெரிக்காவின் கழுகு முத்திரை செதுக்கிய மரப்பலகை. தூதரின் இல்லமான ஸ்பாசோ மாளிகையில், படிப்பறைச் சுவரில் அது ஏழு ஆண்டுகள் தொங்கியது. 1952இல்தான் குட்டு வெளிப்பட்டது: பலகைக்குள் ஒட்டுக்கேட்கும் கருவி. அதில் பேட்டரி இல்லை, மின்கம்பி இணைப்பு இல்லை. மெல்லிய சவ்வு ஒன்று, குட்டி ஆண்டெனா ஒன்று. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால் காது கேட்கும். நிறுத்திவிட்டால் வெறும் மரம். செய்தவர் லியோன் தெரமின், கை படாமலே வாசிக்கும் இசைக்கருவியைக் கண்டுபிடித்த அதே மனிதர். கோபம் வரவில்லை, பொறாமைதான் வருகிறது.

1984இல் தூதரகத் தட்டச்சுப் பொறிகளுக்குள்ளும் உளவுக் கருவிகள் சிக்கின. தட்டும் ஒவ்வோர் எழுத்தும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

அமெரிக்கா மட்டும் யோக்கியமா என்றால், வாஷிங்டன் சோவியத் தூதரகத்துக்கு அடியில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சுரங்கமே தோண்டியது. அந்த ரகசியத்தை எஃப்.பி.ஐ.யின் ராபர்ட் ஹான்சனே மாஸ்கோவுக்கு விற்றார் என்பது தனிக் கூத்து.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் சோவியத் உளவு அமைப்பான கே.ஜி.பி.யின் கடைசித் தலைவர் வாதிம் பகாதின். 1991 டிசம்பரில், மாஸ்கோ தூதரகக் கட்டடத்தில் எங்கெங்கே கருவிகள் இருக்கின்றன என்ற வரைபடங்களை அமெரிக்கத் தூதர் ஸ்டிராஸிடம் அவரே கொடுத்தார். சொந்த நாட்டில் துரோகிப் பட்டம்தான் மிச்சம். வாங்கியவர்களும் அதை முழுதாக நம்பவில்லை. மேல்மாடிகளை இடித்துவிட்டு, செங்கல் முதல் கொத்தனார் வரை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கட்டினார்கள். 2000இல்தான் குடிபுகுந்தார்கள். இந்த முறை பக்கத்திலேயே நின்றார்களாம்.