நயாகராவுக்கும் முறைத் தண்ணீர்தான்

சென்ற வாரம் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கை வீட்டு மாப்பிள்ளை, ரசம் ஊற்றும் நேரம் பார்த்து ஆரம்பித்தார். "மச்சான், நீங்கள் போட்ட நயாகரா படங்களைப் பார்த்தேன். ஆனால் அதை ராத்திரியில் ஷட்டர் போட்டுப் பாதியாக அடைத்துவிடுகிறார்களாமே? பிறகு அது என்ன இயற்கை அதிசயம்? நம் திருமூர்த்தி அணை மதகு மாதிரிதானே?" வரிசையே சிரித்தது. இலையில் ரசம் என் மடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குச் சோற்றால் அணை கட்டுவதா, மாப்பிள்ளைக்குப் பதில் சொல்வதா? சோற்றைத்தான் கவனித்தேன். பதில் இங்கே. கொஞ்சம் நீளம்தான். பொறுமை இல்லாதவர்கள் படங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

மாப்பிள்ளை சொன்னது உண்மை. முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அமெரிக்காவும் கனடாவும் 1950-இல் போட்ட ஒப்பந்தம் அது. ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணி வரை, வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் தண்ணீர் விழவேண்டும். அதற்குப் பிறகு அக்டோபர் முடியும்வரை இரவு 8 மணியோடு சரி. மற்ற நேரங்களிலும் குளிர்காலம் முழுவதும் 50 ஆயிரம் கன அடி விழுந்தால் போதும். மீதியைச் சுரங்க வழியாக இரு கரை மின் நிலையங்களுக்கும் கொண்டுபோகிறார்கள். அருவிக்குச் சற்று மேலே, கனடாக் கரையிலிருந்து ஆற்றின் பாதி அகலத்துக்கு நீளும் ஒரு கட்டுமானம் இருக்கிறது. அதில் 18 ஷட்டர்கள்.

இந்தக் கணக்கு டெல்லிக்காரருக்கும் பம்பாய்க்காரருக்கும் வெறும் எண். நமக்கு அப்படியில்லை. மேட்டூரில் 1 லட்சம் கன அடி திறந்தார்கள் என்றால் பவானியிலும் பள்ளிபாளையத்திலும் ஆற்றோரத்து வீடுகளில் பாத்திரம் பண்டங்களைத் தூக்க ஆரம்பித்துவிடுவார்கள். பவானிசாகர் அணையின் கொள்ளளவு 32.8 டி.எம்.சி. ததும்பத் ததும்ப நிற்கும் அணையை இந்த வேகத்தில் இரவும் பகலும் விட்டால் நான்கு நாள் தாங்காது. டொராண்டோ பக்கம் இருக்கும் மகள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் தடுப்புக் கம்பி ஓரத்தில் நிறுத்தியபோது நான் செய்தது இந்தக் கணக்குத்தான். "அப்பா, கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள்" என்றாள். பார்த்தேன். பார்க்கப் பார்க்க வயிற்றெரிச்சல் கூடியது என்பதையும் மறைக்கவில்லை. ஆயிரம் அடிக்குப் போர் போட்டுப் புகையை மட்டும் பார்த்த ஊர்க்காரனுக்கு வேறு என்ன வரும்?

இரவு 10 மணிக்கு மேல் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். மருமகன் காரில் தூங்கிவிட்டார். எதுவும் தெரியவில்லை. யாரோ குழாயைத் திருகியதுபோலச் சட்டென்று நிற்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். வண்ண விளக்கில் அருவி அதே மாதிரிதான் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் மறுநாள் விடியற்காலையில் தனியாக எழுந்து போய்ப் பள்ளத்தாக்கின் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தேன். கீழே ஆற்றின் இரு பக்கப் பாறையிலும் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெளிறிய பாறை, கீழே இன்னும் காயாத கறுப்பு ஈரம், அதற்கும் கீழே தண்ணீர். மோட்டார் ஓடி நின்றபின் கிணற்றுச் சுவரில் தெரியுமே, அதே கோடு. அருவி முன்னால் நின்றபோது வராத ஏதோ ஒன்று அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குத் தொண்டையில் வந்து நின்றது. ஏனென்று சொல்ல வரவில்லை.

இதைச் சொன்னால் மாப்பிள்ளை இன்னும் சிரிப்பார். அவருக்கு அருவி உருவான கதையையும் சொல்லவேண்டும். மேலே கெட்டியான சுண்ணாம்புப் பாறை, அடியில் மண்போல உதிரும் களிப்பாறை. விழுகிற தண்ணீர் அடியைக் குடைகிறது. தாங்க ஆளில்லாமல் மேல்பாறை உடைந்து விழுகிறது. இப்படியே சுமார் 12 ஆயிரம் ஆண்டுகளில் அருவி ஏறத்தாழ 11 கிலோமீட்டர் பின்னால் நகர்ந்து வந்திருக்கிறது. தண்ணீரைப் பிரித்து மின்சாரத்துக்கு எடுக்க ஆரம்பித்த பிறகு அந்த நகர்வு வெகுவாகக் குறைந்துவிட்டது. அருவியின்மேல் இரக்கப்பட்டு அவர்கள் அடைக்கவில்லை, கரண்டுக்காகத்தான் அடைத்தார்கள். இருந்தாலும் அருவிக்கு அதில் ஆயுள் கூடியிருக்கிறது.

இன்னொன்று. 1969-இல் அமெரிக்கப் பக்கத்து அருவியை மண் அணை போட்டு முழுவதுமாகவே நிறுத்திவிட்டார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே வெறும் பாறைதான். அடிவாரத்தில் உடைந்து குவிந்து கிடந்த பாறைகளை அள்ளிவிட்டால் அருவி இன்னும் உயரமாகத் தெரியுமே என்று ஒரு யோசனை. அளந்தார்கள், துளைபோட்டுப் பார்த்தார்கள், சில ஆண்டுகள் பேசினார்கள். கடைசியில் கிடப்பது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பாறைக்குவியல் இன்றும் அங்கேதான் இருக்கிறது. நம் ஊரில் இவ்வளவு யோசனை நடந்திருக்குமா? பொக்லைன் வாடகை பேசி முடித்த பிறகுதான் யோசிக்கவே ஆரம்பித்திருப்பார்கள்.

அடுத்தது துருக்கி. பனியன் கம்பெனியில் இருந்த காலத்தில் டெனிஸ்லி என்ற ஊருக்குப் போகவேண்டி வந்தது. நமக்குக் கரூர் எப்படியோ, அவர்களுக்கு டெனிஸ்லி அப்படி. துண்டு, குளியல் அங்கி எல்லாம் அங்கேதான் நெய்கிறார்கள். அங்கிருந்து அரை மணி நேரத்தில் பாமுக்கலே. பாமுக் என்றால் அவர்கள் பாஷையில் பஞ்சு, கலே என்றால் கோட்டை. பெயரைக் கேட்டதுமே போகாமல் திரும்பக் கூடாது என்று முடிவுசெய்துவிட்டேன். பஞ்சில் பிறந்து பஞ்சில் வளர்ந்தவன்.

மலைச்சரிவு முழுவதும் வெள்ளை வெளேரென்று படிப்படியாகத் தொட்டிகள். பூமிக்கடியிலிருந்து ஏறத்தாழ 35 டிகிரி வெப்பத்தோடு வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கரைந்திருக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் கரியமில வாயு பிரிந்துபோகிறது. சுண்ணாம்பு கூழாகப் படிந்து பிறகு இறுகிக் கல்லாகிறது. வேறு ஒன்றுமில்லை, நம் போர் தண்ணீர் வெந்நீர் அண்டாவின் அடியில் செய்கிற வேலைதான். என் மனைவி எலுமிச்சம்பழமும் புளியும் வைத்து வாரம் தவறாமல் எதோடு சண்டை போடுகிறாளோ, அதைப் பார்க்கத்தான் நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு நின்றேன்.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறவேண்டும். ஒரு பெண்மணி ஷூவோடு இரண்டடி வைத்தார். காவலாளி ஊதிய விசிலில் சரிவே திரும்பிப் பார்த்தது. பாறை வழுக்கும் என்று பயந்து கால் வைத்தேன். வழுக்கவில்லை. சின்னச் சின்ன அலை அலையாக வரி ஓடி, பாதத்தைப் பிடித்துக்கொண்டது. தொட்டிக்குள் இறங்கினால் அடியில் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு மாதிரி மழமழவென்று ஒரு சேறு. எல்லாம் சரி. ஆனால் காலண்டர் படத்தில் இருந்த நீலத் தொட்டிகளில் பாதி காய்ந்து கிடந்தன. ஏமாற்றிவிட்டார்கள் என்று கூட வந்தவரிடம் பொருமிக்கொண்டே மேலே ஏறினேன்.

மேலே ஒரு வாய்க்கால். ஓரத்தில் ஒருவர் குனிந்து பலகை ஒன்றைத் தூக்கி, பக்கத்துக் கண்ணில் இறக்கினார். தண்ணீர் ஒரு நொடி திகைத்து, பிறகு வேறு பக்கம் ஓட ஆரம்பித்தது. மடை மாற்றுகிறார்! மண்வெட்டி இல்லை, லுங்கி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். விசாரித்தால் விஷயம் வந்தது. எல்லாத் தொட்டிகளுக்கும் எந்நேரமும் தண்ணீர் விட்டால் பாசி பிடித்து வெள்ளை கறுத்துவிடும். அதனால் இந்தப் பக்கம் கொஞ்ச நாள், அந்தப் பக்கம் கொஞ்ச நாள். ஒரு காலத்தில் அந்த உச்சியிலேயே ஓட்டல்கள் கட்டி, ஊற்றுத் தண்ணீரைத் தங்கள் நீச்சல் குளங்களுக்கு இழுத்துக்கொண்டார்கள். சரிவு பழுப்பேறிப் போயிற்று. 1988-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பிறகு 1990-களில் அந்த ஓட்டல்களை இடித்துத் தள்ளிவிட்டு இந்த முறைக்கு வந்திருக்கிறார்கள்.

தாய்லாந்து கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அங்கே நான் எதையும் பார்க்கவில்லை. 2019-இல் நண்பர்களோடு புக்கெட் போனோம். மாயா பே என்ற குடாவைக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கிய டிராவல்ஸ்காரர், அது முந்தைய ஆண்டு ஜூன் மாதமே மூடப்பட்டதைச் சொல்லவில்லை. நாளொன்றுக்கு 5,000 பேர் வரை இறங்கிப் பவளப்பாறையை நாசமாக்கிவிட்டதால் அடைத்துவிட்டார்களாம். படகைத் தூரத்திலேயே நிறுத்தி, "அதோ தெரிகிறது பாருங்கள்" என்றார்கள். தெரிந்தது. 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போதும் படகு குடாவுக்குள் நேராகப் போக முடியாது. டிராவல்ஸ்காரர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அடைத்தவர்கள்மேல் இல்லை.

மாப்பிள்ளைக்கு என் பதில் இதுதான். மனிதன் கைபடாமல் இருப்பதுதான் இயற்கை அதிசயம் என்கிறீர்கள். வெளிநாட்டில் நான் பார்த்த, பார்க்கக் கிடைக்காத மூன்றிலும் ஒரு மடை இருக்கிறது, மடையில் ஒரு ஆள் இருக்கிறார், அவர் கையில் ஒரு முறைக்கணக்கு இருக்கிறது. அது தெரிந்த பிறகு எனக்கு வியப்பு குறையவில்லை. இரண்டு நாடுகளின் பேராசை டர்பைன்களை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும்போதும், காலை 8 மணியானால் 1 லட்சம் கன அடியை விட்டாகவேண்டும் என்று காகிதத்தில் எழுதி, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அதை நடத்தியும் காட்டுகிறார்களே, அருவியைவிட அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எழுதிய தண்ணீர் எழுதிய நேரத்தில் கடைமடைக்கு வந்து சேருவது எவ்வளவு பெரிய காரியம் என்று பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் ஆயக்கட்டில் கடைமடையில் தோட்டம் வைத்திருப்பவனிடம் கேளுங்கள்.

கைபடாத இயற்கை வேண்டுமென்றால் உங்களுக்குப் பக்கத்திலேயே திருமூர்த்தி மலையில் பஞ்சலிங்க அருவி இருக்கிறது. போன ஆடியில் நான் போனபோது காலுக்கடியில் ஷாம்பு பாக்கெட் மிதித்துத்தான் நின்றேன். வெள்ளம் வருகிறது, குளிக்கக் கூடாது என்று தடுத்த காவலரிடம், "அருவி என்ன உங்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நல்ல வேளை, அவர் நம் ஒறம்பரை, அதாவது சொந்தக்காரர், இல்லை என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒருவகையில் ஒறம்பரைதான். பெயர் சொல்லமாட்டேன், அவரும் அன்று பந்தியில் இருந்தார்.

இன்னும் எழுதலாம். ஆனால் இந்தச் சுற்றில் எங்கள் மண்டலத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். கிளை வாய்க்காலில் எங்கள் முறை இன்று இரவு 2 மணிக்கு. மேலே தோட்டக்காரர் நேரத்தோடு அடைப்பாரா என்று தெரியாது, போய் நின்றால்தான் வரும். டார்ச் லைட்டைச் சார்ஜில் போட்டுவிட்டு ஒரு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லையென்றால் வரலாம், தென்னந்தோப்பு வழியாக வந்தால் நாய் குரைக்காது.